டோனரில் எண்ணெய் மிதக்கிறது, பாலிசார்பேட் 20 சேர்த்தும் கலங்குகிறது: எங்கே தவறு?

கண்ணாடிக்குப்பி

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதமாக ஒரே டோனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

100 மி.லி. காய்ச்சி வடித்த நீர், 12 சொட்டு லாவெண்டர் எண்ணெய். இவ்வளவுதான் சேர்மானம். முதல் தடவை இரண்டையும் குப்பியில் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். காலையில் பார்த்தால் குப்பியின் கழுத்தோரம் எண்ணெய் வளையமாக ஒதுங்கி நின்றது. மறுபடி குலுக்கிப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். இடது கன்னத்தில் ஒரு ரூபாய் அளவு இடம் மட்டும் சிவந்து எரிந்தது. மற்ற இடமெல்லாம் ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம், எண்ணெயைத் தண்ணீரில் கரைய வைக்கும் என்று சொல்லப்படும் பாலிசார்பேட் 20 வாங்கினேன். வெளிர்மஞ்சள் நிறம், தேன் போல இறங்குகிறது. அதில் 10 சொட்டை அதே குப்பியில் விட்டுக் குலுக்கினேன். மொத்தமும் பால் மாதிரி வெளுத்துவிட்டது. மூன்றாவது தடவை ஒரு தேக்கரண்டி நிறைய ஊற்றினேன். கலங்கல் போய்விட்டது, ஆனால் முகத்தில் பிசுபிசு என்று ஒட்டுகிறது, தட்டினால் நுரை வருகிறது.

இரண்டு கேள்வி. எவ்வளவு சேர்க்க வேண்டும்? இதுவும் சோப்பு வகையைச் சேர்ந்ததுதானே, கழுவாமல் முகத்திலேயே விடலாமா?

வெண்பஞ்சு

எனக்கும் இதே சந்தேகம் உண்டு. நான் மேக்கப் துடைக்கும் மைசெல்லர் வாட்டர் போட்டுத் துடைத்துவிட்டு அப்படியே தூங்கிவிடுவேன். யாராவது விளக்கினால் நல்லது.

ஆய்வக மேசை

கிரீம், லோஷன் தயாரிப்பில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். தோழி, உங்கள் மூன்று தடவையும் மூன்று விதமான தவறு. நல்ல வேளையாக எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லியிருக்கிறீர்கள், கண்டுபிடிப்பது சுலபம்.

முதலில் கணக்கு. 12 சொட்டு லாவெண்டர் என்பது ஏறக்குறைய 0.4 கிராம் வரும். 10 சொட்டு பாலிசார்பேட்டும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது ஒன்றுக்கு ஒன்று. நறுமண எண்ணெயைத் தெளிவாகக் கரைக்க இது போதவே போதாது, அதனால்தான் பால். தேக்கரண்டி நிறைய என்பது 5 கிராமுக்கு மேல். ஒன்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு பங்கு. தெளிந்துவிடும், ஆனால் தண்ணீர் காய்ந்த பிறகு அந்த ஐந்து கிராம் எங்கே போகும்? அது ஆவியாகிற பொருள் இல்லை. முகத்தில் படலமாக நிற்கிறது, ஒட்டுகிறது.

இரண்டாவது தவறு வரிசை. தண்ணீரில் எண்ணெய் ஏற்கெனவே மிதக்கும்போது மேலே பாலிசார்பேட்டை விட்டீர்கள். அது பாதி தண்ணீரோடு போய்விட்டது. எண்ணெயையும் பாலிசார்பேட்டையும் சின்ன பீக்கரில் தனியாக எடுத்து, ஒரே திரவமாகத் தெரியும்வரை கலக்குங்கள். அதற்கு மேல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டே வாருங்கள். தண்ணீருக்குள் எண்ணெயைத் தேடிப் பிடிக்கிற வேலையை அந்த மூலக்கூறுக்குக் கொடுக்கக் கூடாது. முதலிலேயே எண்ணெயோடு உட்கார வைத்துவிட வேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான். பாலிசார்பேட் 20 மூலக்கூறுக்கு ஒரு பக்கம் லாரிக் அமிலத்தின் 12 கார்பன் வால். அது எண்ணெயை விரும்பும். மறுபக்கம் சார்பிட்டான் வளையத்தில் கிளைகிளையாக நீளும் ஆக்ஸிஎத்திலீன் சங்கிலிகள், எல்லாம் சேர்த்து சுமார் 20 அலகு. அது தண்ணீரை விரும்பும். தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 0.06 கிராம் அளவைத் தாண்டியதுமே இந்த மூலக்கூறுகள் வாலை உள்ளேயும் தலையை வெளியேயும் வைத்து உருண்டையாகச் சேர்ந்துகொள்ளும். அதுதான் மைசெல். எண்ணெய் அந்த உருண்டைக்குள் ஒளிந்துகொள்கிறது. உருண்டை ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால் கண்ணுக்குத் தெளிந்த நீர். கொஞ்சம் பெருத்தால் நீலச்சாயல். இன்னும் பெருத்தால் பால்.

இருட்டில் குப்பிக்குப் பக்கவாட்டில் கைப்பேசி டார்ச்சை அடித்துப் பாருங்கள். வெறும் நீரில் ஒளிக்கற்றை கண்ணில் படாது. உங்கள் டோனரில் அது புகைக்குள் போகிற வெளிச்சம் மாதிரி தெரிந்தால் துளிகள் இன்னும் பெரிதாக இருக்கின்றன என்று அர்த்தம்.

கன்னம் எரிந்ததற்குக் காரணம் பாலிசார்பேட் இல்லை, அப்போது நீங்கள் அதைச் சேர்க்கவே இல்லையே. பஞ்சு நேராக மிதந்த எண்ணெயைத் தொட்டு எடுத்திருக்கிறது. ஒரே இடத்தில் சுத்த லாவெண்டர் பட்டிருக்கிறது.

கண்ணாடிக்குப்பி

அக்கா, படிக்கப் படிக்க வெட்கமாகவும் இருக்கிறது, தெளிவாகவும் இருக்கிறது. என்னிடம் 0.01 கிராம் காட்டும் தராசு உண்டு. இன்னொன்று, இந்த 20க்குப் பதில் பாலிசார்பேட் 80 வாங்கினால் வேலை இன்னும் வலுவாக நடக்குமா? எண் பெரிதாக இருக்கிறதே.

ஆய்வக மேசை

இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும், எனக்கும் வேலையில் சேர்ந்த முதல் வருடம் இருந்தது. பாலிசார்பேட் 20, 40, 60, 80 எல்லாவற்றிலும் ஆக்ஸிஎத்திலீன் அலகு சுமார் 20தான். பின்னால் வரும் எண் வாலாக ஒட்டியிருக்கும் கொழுப்பு அமிலத்தைக் குறிக்கிறது. 20 என்றால் லாரிக், 40 பால்மிடிக், 60 ஸ்டீயரிக், 80 ஓலியிக். வலுவுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பெக்-40, பெக்-80 என்று தொடங்கும் பெயர்களில் எண் ஆக்ஸிஎத்திலீன் அலகையே குறிக்கும். ஒரே லேபிளில் இரண்டு முறையும் கலந்து வரும்போது தலை சுற்றுவது நியாயம்தான்.

எதை எதற்கு எடுப்பது என்பதற்கு எச்.எல்.பி. என்று ஓர் அளவுகோல் உண்டு. மூலக்கூறு எந்த அளவு நீர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும் எண். அட்லஸ் பவுடர் கம்பெனியில் வேலை பார்த்த வில்லியம் கிரிஃபின் 1949இல் இதை வெளியிட்டார். ட்வீன் என்ற பெயரில் பாலிசார்பேட்டுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அதே நிறுவனம்தான்.

எஸ்டர் வகைக்கு அவர் கொடுத்த சூத்திரம் கைக்கணக்கிலேயே போட்டுவிடலாம். பொருளின் சோப்பாக்க எண்ணை (ஒரு கிராமைச் சோப்பாக்கத் தேவையான காரத்தின் அளவு) அதன் கொழுப்பு அமிலத்தின் அமில எண்ணால் (ஒரு கிராம் அமிலத்தைச் சமன்செய்யத் தேவையான காரத்தின் அளவு) வகுத்து, அதை 1லிருந்து கழித்து, 20ஆல் பெருக்க வேண்டும். பாலிசார்பேட் 20க்கு சோப்பாக்க எண் ஏறக்குறைய 46, லாரிக் அமிலத்தின் அமில எண் 280. வகுத்தால் 0.164. கழித்துப் பெருக்கினால் 16.7. புத்தகத்தில் இருப்பதும் 16.7தான். முதன்முதலில் இதை நானே போட்டுப் பார்த்த அன்று எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் நினைவில் இருக்கிறது.

பாலிசார்பேட் 80க்கு அந்த எண் 15. இரண்டுமே நீரில் கரைபவை. லாவெண்டர் போன்ற மெல்லிய நறுமண எண்ணெய்க்கு 20 போதும். கனமான, பிசுக்கான எண்ணெய்களுக்கு 80. கிரீம் செய்யப் போனால் இது மட்டும் போதாது, எண்ணெய்ப்பக்கம் சாய்ந்த துணை ஒன்று வேண்டும். உதாரணமாக உங்கள் எண்ணெய் எச்.எல்.பி. 10 கேட்கிறது, கையில் பாலிசார்பேட் 80உம் 4.3 எண் கொண்ட சார்பிட்டான் ஓலியேட்டும் இருக்கின்றன என்றால், 53க்கு 47 என்ற விகிதத்தில் கலந்தால் 10 வந்துவிடும். அப்போது அது எண்ணெயைத் தெளிவாகக் கரைய வைக்கும் வேலையை விட்டு, எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்து வைக்கும் பால்மமாக்கியாக வேலை செய்கிறது.

உங்களுக்கு இப்போது செய்ய வேண்டியது: மூன்று சின்ன முன்கலவை. 1 கிராம் லாவெண்டருக்கு 4, 5, 6 கிராம் பாலிசார்பேட். ஒவ்வொன்றிலிருந்தும் முறையே 0.5, 0.6, 0.7 கிராம் எடுத்து 50 கிராம் ஆகும்வரை தண்ணீர் விடுங்கள். மூன்றிலும் லாவெண்டர் 0.2 சதவீதம் இருக்கும். எது தெளிகிறது என்று ஒரு நாள் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். 0.1 கிராம் எண்ணெயைத் தனியாக நிறுத்தால் உங்கள் தராசில் பிழை பெரிதாக வரும், அதனால்தான் முன்கலவை.

மூன்றாம் துளி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஆக்ஸிஎத்திலீன் என்கிறீர்கள், அது எத்திலீன் ஆக்ஸைடிலிருந்துதானே வருகிறது? அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கூடவே டயாக்சேன் கலப்படம் வேறு. என் மகளுக்குத் தோல் ஒவ்வாமை உண்டு, அவளுக்கு வாங்குகிற எதிலும் இந்த வகைப் பெயர் இருந்தால் திருப்பி வைத்துவிடுகிறேன். "மென்மையானது" என்று இங்கே எல்லோரும் சொல்வது எனக்கு உறுத்துகிறது.

தராசுத்தட்டு

மூலப்பொருள் தரச்சோதனையில் இருக்கிறேன், இதற்கு நான் பதில் சொல்கிறேன் சகோ. உங்கள் கவலையில் உண்மை இருக்கிறது. எத்திலீன் ஆக்ஸைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. 1,4-டயாக்சேன் அதே பட்டியலில் 2பி, அதாவது உண்டாக்கக்கூடும் என்ற பிரிவு. பாலிசார்பேட் செய்யும்போது எத்திலீன் ஆக்ஸைடு வினைபுரிந்து சங்கிலியாக மாறிவிடுகிறது. மாறாமல் மிஞ்சுகிற துளியும், பக்கவிளைவாக உண்டாகிற டயாக்சேனும்தான் பிரச்சினை. வெற்றிடத்தில் நீராவி செலுத்தி இரண்டையும் வெளியேற்றுவார்கள்.

மருந்துத் தரப் பாலிசார்பேட்டுக்கு ஐரோப்பிய மருந்தியல் நூல் வைத்திருக்கும் உச்சவரம்பு: எத்திலீன் ஆக்ஸைடு பத்து லட்சத்தில் 1 பங்கு, டயாக்சேன் பத்து லட்சத்தில் 10 பங்கு. டோனரில் நீங்கள் 1.2 சதவீதம் சேர்த்தால், டயாக்சேன் உச்ச அளவில் இருந்தாலும் குப்பியில் பத்து லட்சத்தில் 0.12 பங்குதான். ஆனால் இந்தக் கணக்கு, சோதனைச் சான்றிதழ் உள்ள சரக்குக்கு மட்டுமே பொருந்தும். யாரோ பெரிய டின்னிலிருந்து ஊற்றி லேபிள் ஒட்டிக் கொடுத்ததற்கு நான் உத்தரவாதம் சொல்ல மாட்டேன். வாங்கும்போது தொகுதி எண்ணோடு சான்றிதழ் கேளுங்கள். கொடுக்காதவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும், இதை யாரும் பேசுவதில்லை. பாலிசார்பேட் காற்றும் வெளிச்சமும் பட்டால் மெல்ல ஆக்ஸிஜனேற்றம் அடையும். பெராக்ஸைடுகள் சேரும், சிறிதளவு ஃபார்மால்டிஹைடும் உண்டாகும். பாதி காலியான குப்பியைச் சன்னல் ஓரம் வருடக்கணக்கில் வைத்திருந்து பயன்படுத்துவது, டயாக்சேனைவிட எனக்குக் கவலை தரும் விஷயம். சின்னக் குப்பியாக வாங்கி, இறுக்கி மூடி, இருட்டான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பழைய சரக்கில் வாடை மாறும், நிறமும் கருக்கும்.

மூன்றாம் துளி

சான்றிதழ் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. நன்றி. மகளுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் இருக்கிறேன், ஆனால் பயத்துக்கு ஓர் அளவு கிடைத்தது.

நீலப்பறவை

எனக்கு மூக்கோரமும் புருவத்திலும் செதில் உதிரும் பிரச்சினை. மலசீசியா பூஞ்சை என்றார் மருத்துவர். பாலிசார்பேட் அந்தப் பூஞ்சைக்குத் தீனி, தொடவே கூடாது என்று பல இடங்களில் படித்தேன். உண்மையா?

வளர்தட்டு

நுண்ணுயிரியல் படிக்கிறேன், இது எங்கள் பாடத்திலேயே வந்தது. மலசீசியாவுக்குத் தானே கொழுப்பு அமிலம் தயாரிக்கத் தெரியாது, வெளியிலிருந்து எடுக்கும். அதை வைத்தே வகை பிரிக்க ஒரு சோதனை உண்டு. அகார் தட்டில் பூஞ்சையைக் கலந்து ஊற்றி, குழிகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ட்வீன் 20, 40, 60, 80 விடுவார்கள். எந்தக் குழியைச் சுற்றி வளையமாக வளர்கிறது என்று பார்ப்பார்கள். 1996இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதை முறைப்படுத்தினார்கள். ஃபர்ஃபர் என்ற வகை நான்கையும் சுற்றி வளரும். நீங்கள் படித்தது இங்கிருந்து கிளம்பியதுதான்.

ஆனால் அதே சோதனையில் மற்ற பக்கத்தையும் பார்க்க வேண்டும். மனிதர் தலையிலும் முகத்திலும் அதிகம் காணப்படும் குளோபோசா, ரெஸ்ட்ரிக்டா இரண்டும் எந்த ட்வீன் குழியைச் சுற்றியும் வளர்வதில்லை. அப்புறம், தட்டில் அதற்கு வேறு கொழுப்பே கிடையாது. உங்கள் மூக்கோரத்தில் சீபம், அதாவது தோலின் சொந்த எண்ணெய், நாள் முழுக்கச் சுரக்கிறது. அதன் முன்னால் கழுவும் கிளென்சரில் உள்ள ஒரு சதவீதம் பெரிய விருந்து இல்லை. தோலில் தங்கும் பொருளில் பாலிசார்பேட் அதிகமாக இருந்து, போட்ட சில நாளில் செதில் கூடினால் நிறுத்துங்கள். மருத்துவர் கொடுத்த மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள், அதில் ட்வீன் இருந்தாலும் சரி.

கண்ணாடிக்குப்பி

வந்துவிட்டேன்! மூன்று குப்பி வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கு 4 போட்டதில் நீலச்சாயல், டார்ச் அடித்தால் கற்றை நன்றாகத் தெரிகிறது. 5இல் மெல்லிய கற்றை. 6 பளிங்கு மாதிரி. பின்னால் அச்சடித்த தாளைப் பிடித்தால் பொடி எழுத்தும் படிக்க முடிகிறது. தண்ணீர் விடும்போது முதல் சில சொட்டில் கலவை லேசாகக் கெட்டியானது, பயந்துவிட்டேன், பிறகு தானாக இளகியது.

ஒரு சோகமும் உண்டு. அலமாரியில் அந்தப் பழைய தேக்கரண்டிக் குப்பியை எடுத்துப் பார்த்தேன். மூன்று வாரம் ஆகிறது. அடியில் வெள்ளையாக நூல் நூலாக ஏதோ மிதக்கிறது. நேற்றுவரை அதைத்தான் முகத்தில் போட்டிருக்கிறேன்.

வளர்தட்டு

உடனே கொட்டிவிடுங்கள். குப்பியையும் கழுவி மறுபடி பயன்படுத்த வேண்டாம். லாவெண்டர் கிருமியைக் கொல்லும், அதனால் ப்ரிசர்வேட்டிவ் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். 0.2, 0.4 சதவீதத்தில் அது நடக்காது. அதிலும் பாலிசார்பேட் இருக்கும்போது நடக்கவே நடக்காது. எங்கள் ஆய்வகத்தில் கிருமிநாசினியைச் சோதித்து முடித்ததும் அதன் வீரியத்தை முறிக்க வளர்ப்புக் குழம்பில் நாங்கள் சேர்ப்பதே பாலிசார்பேட் 80உம் லெசித்தினும்தான். பாராபென் போன்ற ப்ரிசர்வேட்டிவ்களை மைசெல் உள்ளே இழுத்துக்கொள்ளும். கிருமி இருப்பது வெளியே தண்ணீரில். மருந்து உருண்டைக்குள் அகப்பட்டுக் கிடந்தால் யாருக்கு என்ன பயன்? தேக்கரண்டி அளவு ஊற்றினால் நீங்கள் ப்ரிசர்வேட்டிவ் போட்டிருந்தாலும் அது பலவீனப்பட்டிருக்கும்.

ஆய்வக மேசை

அவர் சொன்னது முழுக்கச் சரி. தண்ணீர் உள்ள எந்தக் குப்பிக்கும் ப்ரிசர்வேட்டிவ் கட்டாயம். சோடியம் பென்சோயேட் போடுவதானால் பி.எச். 5க்குக் கீழே வைக்க வேண்டும், அமிலத்தில்தான் அது வேலை செய்யும். பினாக்ஸிஎத்தனால் என்றால் ஐரோப்பிய விதிப்படி 1 சதவீதம்தான் உச்சம். இரண்டில் எதுவும் பழகவில்லை என்றால் ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் செய்து மிச்சத்தைக் கொட்டுங்கள்.

வெண்பஞ்சு

மைசெல்லர் வாட்டர் கேள்வி அப்படியே நிற்கிறதே. துடைத்த பிறகு கழுவ வேண்டுமா?

ஆய்வக மேசை

கழுவுங்கள். "கழுவத் தேவையில்லை" என்று குப்பியில் போட்டிருந்தாலும்.

சோப்பு, சோடியம் லாரில் சல்ஃபேட் இவற்றின் தலைக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. அது தோலின் கெரட்டின் புரதத்தில் போய் ஒட்டி அதை ஊதச் செய்கிறது. பாலிசார்பேட்டின் தலைக்கு மின்னூட்டமே இல்லை. அளவிலும் அது பருத்தது. அத்தோடு, தோலுக்குள் சுலபமாக நுழைவது மைசெல்லில் சேராத தனி மூலக்கூறுகள். லாரில் சல்ஃபேட் லிட்டருக்குச் சுமார் 2.3 கிராம் வரை தனித்தனியாகவே திரியும், பாலிசார்பேட் 20 முன்னே சொன்ன 0.06 கிராமிலேயே கூடிவிடும். அதன் சாந்தத்துக்குப் பெரிய காரணம் இதுதான். இதன் நெருங்கிய உறவான பெக்-80 சார்பிட்டான் லாரேட் குழந்தைகளின் கண்ணெரியாத ஷாம்புவில் இருப்பதும் இதற்காகத்தான். காரமான நுரைப்பொருளோடு சேர்ந்து கலப்பு மைசெல் ஆகி, தனியாகத் திரியும் மூலக்கூறுகளைக் குறைத்துவிடும்.

ஆனால் தோலின் மேல்தட்டில் செல்களுக்கு நடுவே சிரமைடும் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும் இருக்கின்றன. எண்ணெயை உருண்டைக்குள் இழுக்கத் தெரிந்த மூலக்கூறுக்கு மேக்கப் எண்ணெய் எது, உங்கள் சொந்த எண்ணெய் எது என்று பிரிக்கத் தெரியாது. எட்டு மணி நேரம் முகத்தில் விட்டுத் தூங்கினால் கொஞ்சம் கொஞ்சமாக அதையும் தொடும். மைசெல்லர் வாட்டரில் துடைத்த அழுக்கும் அந்தப் படலத்திலேயே இருக்கிறது. டோனரில் எண்ணெயோடு பிணைந்த சிறிய அளவு வேறு, வெறும் மைசெல்லாக நிற்பது வேறு.

பெயரைப் பார்த்து எதையும் மென்மை என்று எழுதிவிடாதீர்கள். டெசில் குளூக்கோசைடு என்ற நுரைப்பொருளின் பெயரிலேயே குளுக்கோஸ் இருக்கிறது, எல்லோரும் இயற்கை என்று கொண்டாடினோம். அது சேர்ந்த ஆல்கைல் குளூக்கோசைடு குடும்பத்தைத்தான் அமெரிக்கத் தொடு ஒவ்வாமைச் சங்கம் 2017க்கான ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. பெரும்பாலானோருக்கு அது இன்னும் நல்ல பொருள்தான், ஒத்துக்கொள்ளாதவருக்கு ஒத்துக்கொள்ளாது.

கண்ணாடிக்குப்பி, உங்களுக்கு ஒன்று மனம்விட்டுச் சொல்கிறேன். உங்கள் குப்பியில் தோலைத் தொந்தரவு செய்ய அதிக வாய்ப்புள்ளது லாவெண்டர். அதிலுள்ள லினலூல் காற்றுப்பட்டு ஹைட்ரோபெராக்ஸைடாக மாறும், ஒவ்வாமை தருவது அதுதான். தோலில் தங்கும் பொருளில் லினலூல் 0.001 சதவீதம் தாண்டினாலே ஐரோப்பாவில் லேபிளில் பெயர் போட்டாக வேண்டும். பாலிசார்பேட்டைக் கூட்டிக்கொண்டே போவதற்குப் பதில் எண்ணெயைக் குறையுங்கள். பாதியாக்கினால் 100 கிராமுக்கு முன்கலவை 0.7 கிராம்தான், பாலிசார்பேட் 0.6 கிராம். பிசுக்கு இருக்காது.

நீலப்பறவை

இதைப் படித்துவிட்டு என் வீட்டுக் குப்பிகளை எல்லாம் திருப்பிப் பார்த்தேன். ஏழில் ஐந்தில் லினலூல். செதிலுக்குப் பாலிசார்பேட்டை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண்ணாடிக்குப்பி

பாதியாக்கிச் செய்துவிட்டேன் அக்கா. 100 கிராமுக்கு 0.7 கிராம் முன்கலவை. இப்போதைக்கு ப்ரிசர்வேட்டிவ் இல்லாமல் 10 கிராம் மட்டும் தனியே எடுத்தேன், மீதியைக் கொட்டிவிட்டேன். டார்ச்சில் கற்றை இல்லை. முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பார்க்கலாம் என்றிருக்கிறேன். வாசனை கையை மூக்கருகே கொண்டுபோனால்தான் வருகிறது. காய்ந்த பிறகு விரலை வைத்து எடுத்தால் ஒட்டவில்லை.